பாதையே இல்லாத ஹைலேண்ட்ஸ் குன்றில் பலரும் செய்யும் தவறுகள்

ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரிக்கும் ஸ்பே ஆற்றுக்கும் நடுவே கிடக்கிறது மோனலீயா மலைத்தொடர். இருப்பதிலேயே உயரமான கார்ன் ஜெரக் வெறும் 945 மீட்டர்தான். 'இவ்வளவுதானா' என்று தோன்றும். அங்கேதான் கோளாறு ஆரம்பிக்கிறது.

மணிக்கு 5 கிலோமீட்டர் நடை, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன இந்தக் கணக்குப்படி 12 கிலோமீட்டர் நடந்து 600 மீட்டர் ஏற மூன்றரை மணி நேரம் போதும். பாதையில்லாத மூர் நிலத்தில், அதாவது மரங்களற்ற ஈரமான புதர்வெளியில், நான் அதை அப்படியே இரட்டிப்பாக்கிவிடுவேன். காரணம் பீட். செடிகொடிகள் முழுதாக மட்காமல் ஆயிரக்கணக்கான வருடங்களாகப் படிந்த கறுப்பு மண் இது. மழைநீர் அதை அரித்து ஆளுயரப் பள்ளங்களாக வெட்டி வைத்திருக்கும். சரி என்று ஒன்றில் இறங்கி, முழங்கால் சேற்றில் நடந்து, எதிர்க்கரையில் ஹெதர் புதரைப் பிடித்துத் தொங்கி ஏறினால், பத்தடியில் அடுத்த பள்ளம். நான்கைந்து பள்ளம் சுற்றியபின் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம் என்பதே மறந்துபோகும். இறங்குவதற்கு முன்பே, போக வேண்டிய திசையில் தெரியும் ஒரு பாறையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

திசைகாட்டியையும் போனையும் ஒரே பையில் வைப்பது இன்னொரு தவறு. போனில் உள்ள காந்தம் முள்ளின் துருவத்தையே மாற்றிவிடலாம். அப்புறம் வடக்கு என்று அது காட்டுவது தெற்காக இருக்கும். மூடுபனியில் இதைக் கண்டுபிடிப்பது லேசல்ல.

பச்சைப்பசேலென்று மெத்தைபோல் இருக்கும் இடம் ஸ்பாக்னம் பாசி. தன் காய்ந்த எடையைப்போல் 20 மடங்கு வரை தண்ணீர் குடிக்கும். மிதித்தால் கால் உள்ளே போகும். ஹெதர் அடர்ந்த இடம் நடக்கச் சிரமம், ஆனால் பெரும்பாலும் காய்ந்த தரை.

காலையில் கல் மேல் கல்லாகத் தாவிக் கடந்த ஓடையை நம்பித் திரும்பும் வழியைத் தீர்மானிக்காதீர்கள். நல்ல மழை பெய்தால் சில மணி நேரத்தில் இடுப்பளவு ஓடும். அப்போது இறங்கவே கூடாது. மேல்நோக்கி நடந்து, ஓடை பிரிந்து மெலியும் இடத்தில் கடக்கலாம். இல்லாவிட்டால் வடியும்வரை காத்திருக்க வேண்டும்.

டிசம்பரில் பகல் வெளிச்சமே ஆறரை மணி நேரம்தான், தலைவிளக்கு கட்டாயம். பல பள்ளத்தாக்குகளில் போன் சிக்னல் கிடையாது. எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் வராவிட்டால் 999-ஐ அழைத்து போலீஸிடம் மலைமீட்புக் குழு வேண்டுமென்று கேட்க வேண்டும் என்பதைத் தங்கும் இடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.