அமெரிக்கத் துப்பாக்கி வழக்குகள்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க வழக்குகளைப் பற்றித் தமிழில் எழுத வரும் இளைஞர்களின் வரைவுகளைத் திருத்துவது என் வேலை. அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனங்கள்மேல் மெக்சிகோ அரசு போட்ட வழக்கில் 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்ததும் குவிந்த வரைவுகளில், எங்கள் தலைமுறை ஆரம்பத்தில் செய்த அதே பிழைகள் வரிசை கட்டி நின்றன. பெயரும் தேதியும் பிசகுவதை யாரும் திருத்திவிடலாம். மற்றவற்றைச் சொல்கிறேன்.

"வழக்கே போட முடியாது" என்று எழுதுவது

இதை மட்டும் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. 2005 அக்டோபரில் அதிபர் புஷ் கையெழுத்திட்ட சட்டப்படி, யாரோ ஒருவர் துப்பாக்கியால் செய்த குற்றத்துக்காக அதைத் தயாரித்தவரிடமோ விற்றவரிடமோ நஷ்டஈடு கேட்க முடியாது. ஆனால் அதே சட்டத்தில் ஆறு விதிவிலக்குகள் இருக்கின்றன. பாதிப் பேர் அதுவரை படிப்பதே இல்லை.

விற்பனை, விளம்பரம் தொடர்பான ஒரு சட்டத்தை நிறுவனம் தெரிந்தே மீறி, அதனால் பாதிப்பு வந்திருந்தால் வழக்கு நிற்கும். 2012இல் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட சாண்டி ஹூக் பள்ளி வழக்கில் நடந்தது இதுதான். துப்பாக்கியை விளம்பரப்படுத்திய விதமே கனெக்டிகட் மாநில வணிகச் சட்டத்துக்கு எதிரானது என்று குடும்பங்கள் வாதாடின. 2019இல் மாநில உச்ச நீதிமன்றம் 4–3 என்ற கணக்கில் அந்த வாதத்துடன் வழக்கைத் தொடர அனுமதித்தது.

ஆபத்தானவர் என்று தெரிந்தும் துப்பாக்கியைக் கொடுப்பது இன்னொரு விதிவிலக்கு. மிசௌரியில் ஒரு தாய் கடைக்குப் போன் செய்து, "என் மகளுக்கு மனநோய், அவளுக்கு விற்காதீர்கள்" என்று கெஞ்சினார். கடை விற்றது. அன்றே அந்தப் பெண் தன் அப்பாவைச் சுட்டுக் கொன்றாள். 2016இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அந்த வழக்கையும் அனுமதித்தது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அமெரிக்காவில் இருக்கிறது. பெட்ரோல் பங்க்கில் இரவு வேலை பார்த்த அவர்கள் வீட்டுப் பிள்ளை கொள்ளையில் சுடப்பட்டு இறந்தான். துப்பாக்கி எந்தக் கடையிலிருந்து, யார் கைமாறி வந்தது என்று யாரையாவது விசாரிக்கச் சொன்னீர்களா என்று பின்னாளில் கேட்டேன். "யார்மேலும் கேஸ் போட முடியாதுன்னு படிச்சோமே" என்றார் அப்பா. அதற்குள் கெடு முடிந்திருந்தது. இப்படிப்பட்ட மரண வழக்குகளுக்குப் பல மாநிலங்களில் இரண்டு ஆண்டுதான் கெடு; சாண்டி ஹூக் குடும்பங்களே 2014 டிசம்பரில், கடைசி நேரத்தில்தான் மனுப் போட்டார்கள். இவர்கள் வழக்கு ஜெயித்திருக்குமா என்பது வேறு விஷயம். ஒரு வக்கீலைக்கூடப் பார்க்காமல் விட்டுவிட்டார்களே! அந்த ஒற்றை வரியை எழுதியவருக்கு இது தெரியவே போவதில்லை.

சமரசத்தைத் தீர்ப்பு என்று எழுதுவது

2022இல் சாண்டி ஹூக் குடும்பங்களுக்கு 7.3 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டவை, துப்பாக்கியைத் தயாரித்த ரெமிங்டனின் காப்பீட்டு நிறுவனங்கள். எந்த நீதிமன்றமும் அந்தத் தொகையை விதிக்கவில்லை.

மெக்சிகோ தோற்றதோடு எல்லாம் முடிந்தது என்பது

ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்த தீர்ப்புதான், எழுதியவர் எலெனா கேகன். ஆனால் மெக்சிகோவுக்குத் துப்பாக்கி கடத்தப்படுவதற்கு நிறுவனங்கள் உதவின என்று சொல்லப் போதுமான விவரம் மனுவில் இல்லை என்பதே காரணம். சட்டத்தைத் தெரிந்தே மீறினால் வழக்கு நிற்கும் என்ற விதிவிலக்கை அவர்கள் நீக்கவில்லை.

தயாரிப்புக் குறைபாட்டைக் குழப்புவது

குறைபாட்டால் துப்பாக்கி தானாக வெடித்தால் வழக்கு உண்டு; இதுவும் ஒரு விதிவிலக்கு. ஒருவர் வேண்டுமென்றே சுட்டு அது குற்றமானால், இந்த வழி கிடையாது.

மாநிலச் சட்டத்தைப் பார்க்காமல் விடுவது

கொலராடோ மாநிலத்தின் அரோரா நகரில், 2012இல் திரையரங்குத் துப்பாக்கிச் சூட்டில் மகளை இழந்த பெற்றோர், தோட்டா விற்ற நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். அப்புறம் எதிர்த்தரப்பின் வக்கீல் செலவு 2 லட்சம் டாலருக்கு மேல் அவர்கள் தலையில் விழுந்தது. பலர் இதை 2005ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் கொடுமை என்று எழுதுகிறார்கள். செலவைக் கட்டச் சொன்னது கொலராடோ மாநிலச் சட்டம். 2023இல் மாநிலமே அதை நீக்கிவிட்டது. எந்த மாநிலம், எந்த ஆண்டு என்று முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.