6 ஆம்ப் கேரவனில் இஸ்திரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் நடிகர் வண்டிதான் நமக்கு நினைவுக்கு வரும். இங்கே சொல்லப்போவது காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போய், ஊர் ஊராகத் தங்கும் வீட்டு வண்டியைப் பற்றி. ஐரோப்பாவில் இவை தங்கும் முகாம்களில் பெரும்பாலும் வண்டி நிற்கும் இடத்துக்கு அருகில் சாக்கெட் உள்ள ஒரு சிறிய மின்கம்பம் உண்டு. நீல நிற பிளக்கைச் செருகினால் வண்டிக்குள் கரன்ட் வந்துவிடும். ஆனால் வீட்டில் வருவது போல அளவில்லாமல் வராது. பிரிட்டனில் பெரும்பாலும் 10 அல்லது 16 ஆம்ப் கிடைக்கும். பிரான்ஸில் 6 ஆம்ப் சாதாரணம், சில பழைய முகாம்களில் 4 ஆம்ப்தான். ஆஸ்திரேலியாவில் 15 ஆம்ப்.

230 வோல்ட்டால் பெருக்கிப் பாருங்கள். 4 ஆம்ப் என்றால் 920 வாட், 6 ஆம்ப் 1,380, 10 ஆம்ப் 2,300, 16 ஆம்ப் 3,680. பிரிட்டனில் வீட்டுக்கு வாங்கும் ஸ்டீம் அயர்ன் 2,400 முதல் 3,000 வாட் வரை இழுக்கும். அதாவது அந்த ஒரு பெட்டியே 10 ஆம்ப் கம்பத்தைத் தாண்டிவிடுகிறது. கேரவனில் நடக்கும் முதல் தவறு, வீட்டிலிருந்த இஸ்திரிப் பெட்டியை அப்படியே தூக்கி வண்டியில் வைப்பது.

“தெர்மோஸ்டாட் இருக்கிறதே, சராசரியில் குறைவாகத்தானே இழுக்கும்?”

பாதி உண்மை. பெட்டி சூடானதும் தெர்மோஸ்டாட் காயிலை அணைக்கும், ஆறினால் மறுபடி போடும். ஆனால் காயில் எரியும் நேரத்தில் அது முழு வாட்டையும் இழுக்கிறது. 1,000 வாட் பெட்டிக்கு 4.3 ஆம்ப். அந்த நேரத்தில் வண்டியில் வேறு என்னவெல்லாம் ஓடுகிறது என்பதுதான் கேள்வி. கேரவன் ஃபிரிட்ஜ் 230 வோல்ட்டில் சுமார் 150 வாட், பேட்டரி சார்ஜர் 250 வாட் வரை, சுடுதண்ணீர் ஹீட்டர் சுமார் 850 வாட், அறை ஹீட்டர் 500, 1,000, 2,000 என்று மூன்று படிகளில். 6 ஆம்ப் கம்பத்தில் பெட்டி, ஃபிரிட்ஜ், சார்ஜர் மூன்றும் சேர்ந்தால் சுமார் 6 ஆம்ப். நூலிழையில் நிற்கும். சுடுதண்ணீர் ஹீட்டரும் சேர்ந்தால் 10 ஆம்ப்பை நெருங்கும், சில நிமிடங்களில் கம்பத்தின் எம்சிபி, அதாவது அளவுக்கு மேல் கரன்ட் போனால் தானாக அணையும் சுவிட்ச், விழுந்துவிடும்.

“நேற்று இதே லோடில் ஓடியதே” என்று பலர் குழம்புவது இங்கேதான். எம்சிபி சிறிய மிகைச்சுமைக்கு உடனே விழாது. அதற்குள் இருக்கும் இரட்டை உலோகத் தகடு சூடாகி வளைய நேரம் பிடிக்கும். தன் அளவைப் போல 1.13 மடங்கு போனாலும் ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும், 1.45 மடங்கு போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்பதே வீட்டு எம்சிபிகளுக்கான தர அளவு. 6 ஆம்ப்பில் இந்த எல்லைகள் 6.8, 8.7. இரண்டுக்கும் நடுவில் ஓடினால் விழலாம், விழாமலும் போகலாம். வெயிலில் காய்ந்த கம்பத்தில் சீக்கிரம் விழும், குளிர்ந்த காலையில் தாக்குப்பிடிக்கும். நேற்று ஓடியதை நம்பி இன்று லோடு போடாதீர்கள்.

பல முகாம்களில் கம்பத்தின் எம்சிபி பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். அலுவலகத்திலிருந்து ஆள் வந்துதான் தூக்கிவிட வேண்டும். இரவு பத்து மணிக்கு இஸ்திரி போட்டு அதை விழவைத்தால், விடியும்வரை ஹீட்டரும் கிடையாது. குழந்தைகளோடு மலைப்பக்கம் தங்கும்போது இது சிறிய விஷயம் அல்ல. இஸ்திரி வேலையைப் பகலில், அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் வையுங்கள். தொடங்கும் முன் சுடுதண்ணீர் ஹீட்டரையும் அறை ஹீட்டரையும் அணையுங்கள். ஃபிரிட்ஜ் கேஸிலும் ஓடும் வகை என்றால் அரை மணி நேரம் கேஸுக்கு மாற்றலாம், உள்ளே இருப்பது கெடாது. கெட்டில், மைக்ரோவேவ் பக்கம் யாரும் போகக்கூடாது என்று வண்டியில் இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் எம்சிபியை விழவைப்பது இஸ்திரி போடுபவர் அல்ல, நடுவில் டீ போட வந்தவர்தான்.

குறைந்த வாட் ஸ்டீம் அயர்னை நம்புவது

இந்தத் தவறைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு கொடுத்து வாங்கிய பிறகுதான் தெரியவரும். ஒரு கிராம் குழாய்த் தண்ணீரை நீராவியாக்க ஏறக்குறைய 2.6 கிலோஜூல் வெப்பம் வேண்டும். நிமிடத்துக்கு 20 கிராம் நீராவி வந்தால் நிமிடத்துக்கு 52 கிலோஜூல், அதாவது ஏறக்குறைய 870 வாட். 1,000 வாட் டிராவல் ஸ்டீம் அயர்ன் தன் சக்தியில் பெரும்பகுதியைத் தண்ணீரைக் காய்ச்சவே செலவழிக்கிறது. அடித்தட்டுக்கு மிச்சம் அதிகம் இல்லை. தட்டு ஆறுகிறது, ஆறிய தட்டில் தண்ணீர் ஆவியாகாமல் துளைகள் வழியாகச் சொட்டுகிறது, வெள்ளைச் சட்டையில் கறை விழுகிறது. உடனே பெட்டி பழுது என்று நினைத்துவிடுகிறோம். பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. அத்தனை நீராவிக்கு அத்தனை வாட் போதாது, அவ்வளவுதான்.

எங்கள் பரிந்துரை சாதாரண டிரை அயர்ன். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் 750 அல்லது 1,000 வாட் பெட்டி ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அப்படியே ஓடும், வோல்ட்டேஜ் ஒன்றுதான். பிளக் மட்டும் மாற்ற வேண்டும், எர்த் பின் உள்ள அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். முடிந்தால் கனமான பெட்டியாக எடுங்கள். கனமான தட்டு வெப்பத்தைத் தேக்கி வைக்கும், காயில் அணைந்திருக்கும் நேரத்திலும் தேய்க்க முடியும்.

ஈரத்தைக் கையால் கொடுங்கள், ஆனால் அளந்து கொடுங்கள். இங்கேயும் அதே கணக்குதான். 200 கிராம் பருத்திச் சட்டையில் 20 கிராம் தண்ணீர் தெளித்தால் அதை உலர்த்த 52 கிலோஜூல் போதும், 1,000 வாட்டில் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதே சட்டையைப் பிழிந்த கையோடு 100 கிராம் தண்ணீருடன் தேய்க்கத் தொடங்கினால் நான்கு நிமிடத்துக்கு மேல் வெறுமனே உலர்த்துவதிலேயே போய்விடும். ஸ்ப்ரே பாட்டிலில் மெல்லத் தெளித்து, துணியைச் சுருட்டிப் பத்து நிமிடம் வைத்தால் ஈரம் சீராகப் பரவும். கஞ்சி போட்ட பருத்திப் புடவைக்கு இது கட்டாயம். ஐந்தரை மீட்டரையும் ஒரே மூச்சில் தேய்க்க முயலாமல் நான்காக மடித்துப் பகுதி பகுதியாகத் தேய்த்து, தட்டு மறுபடி சூடாக இடைவெளி கொடுங்கள். அவசரப்பட்டால் தட்டு ஆறிப்போய்க் கஞ்சி ஒட்டும்.

வரிசையிலும் மிச்சம் பிடிக்கலாம். துணி லேபிளில் ஒரு புள்ளி என்றால் தட்டு சுமார் 110 டிகிரி வரை, இரண்டு புள்ளி 150, மூன்று 200. பாலியஸ்டர் முதலில், பருத்தி பிறகு. உயர்ந்த சூட்டிலிருந்து கீழே இறங்க வீணாகக் காத்திருக்க வேண்டியதில்லை. கடைசிப் பருத்தித் துணி முடியும் முன்பே பிளக்கைப் பிடுங்கிவிட்டால், மிச்சச் சூட்டில் கைக்குட்டைகளும் குழந்தைகளின் பனியன்களும் முடிந்துவிடும்.

பேட்டரியில் தேய்ப்பது

கம்பமே இல்லாத இடத்தில் நிற்பவர்கள் “என் பேட்டரி 100 ஆம்ப்-ஹவர், ஒரு சட்டைக்கு எவ்வளவு ஆகிவிடும்” என்று கேட்பார்கள். ஆற்றல் கணக்கில் அவர்கள் சொல்வது சரி. ஒரு சட்டைக்கு 30 வாட்-ஹவர் என்று வைத்தால் 12 வோல்ட்டில் 3 ஆம்ப்-ஹவருக்குள்தான். தகராறு ஆம்ப்பில் இருக்கிறது. 1,000 வாட் பெட்டியை இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால், இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 95 ஆம்ப் போகும். 100 ஆம்ப்-ஹவர் லெட்-ஆசிட் பேட்டரி இதற்குச் செய்யப்பட்டதல்ல. வோல்ட்டேஜ் சரிந்து, சார்ஜ் பாக்கி இருக்கும்போதே இன்வெர்ட்டர் கூவி அணைந்துவிடும். திரும்பத் திரும்பச் செய்தால் பேட்டரியின் ஆயுளே போய்விடும். லித்தியம் பேட்டரி தாங்கும், ஆனால் அதற்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற பாதுகாப்புச் சுற்று தொடர்ச்சியாக எத்தனை ஆம்ப்பை அனுமதிக்கிறது என்று லேபிளில் பாருங்கள். 50 ஆம்ப்பில் வெட்டிவிடும் பேட்டரிகளும் சந்தையில் உண்டு.

ஒயரைப் பற்றி அலட்சியம் வேண்டாம். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே 2 மீட்டர் தூரம் என்றால் போகவர 4 மீட்டர் ஒயர். 35 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரில் 100 ஆம்ப் போனால் 0.2 வோல்ட் இழப்பு. 6 ஸ்கொயர் ஒயரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் இழப்பு, அதாவது நூறு வாட்டுக்கு மேல் அந்த ஒயரிலேயே சூடாக இறங்குகிறது. மெத்தைக்கு அடியில் ஓடும் ஒயர் அது. ஃப்யூஸ் பேட்டரி முனைக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.

தானாக அணையும் வசதி உள்ள எலக்ட்ரானிக் பெட்டிகள் சீரான மின் அலை தராத, மலிவான மாடிஃபைடு சைன் வேவ் இன்வெர்ட்டரில் தாறுமாறாக நடந்துகொள்ளும். திருகும் தெர்மோஸ்டாட் உள்ள சாதாரணப் பெட்டிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் 12 வோல்ட் இஸ்திரிப் பெட்டியை வாங்காதீர்கள். அந்த சாக்கெட்டின் ஃப்யூஸ் வழக்கமாக 10 முதல் 15 ஆம்ப், அதாவது 180 வாட்டுக்குமேல் தராது. அந்தச் சூட்டில் பருத்தி படியாது.

இப்படி நிற்கும் இடத்தில் காலரும் பட்டன் பட்டியும் மட்டும் படிந்தால் போதும் என்றால், முடியை நேராக்கும் ஸ்ட்ரெய்ட்னர் நல்ல உதவி. பல மாடல்கள் 50 வாட்டுக்குள் வேலை செய்யும். தட்டில் ஒட்டியிருக்கும் எண்ணெயை முதலில் துடைத்துவிடுங்கள். பாலியஸ்டர் என்றால் சூட்டை 150 டிகிரிக்குக் கீழே வையுங்கள்.

சுற்றியபடியே விட்ட கேபிள்

கம்பத்திலிருந்து வண்டிக்கு வரும் 25 மீட்டர் கேபிளில் 5 மீட்டர்தான் தேவை என்று மீதியைச் சுருளாகவே விடுவது பழக்கமாகிவிட்டது. சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லை. விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் அது தெரியாது. இஸ்திரியும் ஹீட்டரும் சேரும்போது உறை இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டிரம்மில் சுற்றிய கேபிள்களில் சுற்றிய நிலைக்கு ஒரு அளவும், முழுதும் விரித்த நிலைக்கு ஒரு அளவும் அச்சிட்டிருப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே போதுமான எச்சரிக்கை. முழுவதும் இழுத்து, வண்டிக்கு அடியில் தளர்வாகப் போட்டுவையுங்கள். கேபிள் 2.5 ஸ்கொயராக இருக்கட்டும். தோட்டத்துக்கு வாங்கிய மெல்லிய எக்ஸ்டென்ஷன் இதற்கு ஆகாது.

ஐரோப்பாவின் சில முகாம்களில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறி இருக்கும். அப்போது சுவிட்சை அணைத்தாலும் பெட்டிக்குள் ஃபேஸ் இருந்துகொண்டே இருக்கும். அதனால் வேலை முடிந்தால் சுவிட்சை மட்டும் அணைக்காமல் பிளக்கைப் பிடுங்குங்கள்.

எது விழுந்தது என்று பார்க்காமல் தூக்கிவிடுவது

எம்சிபி விழுந்தால் லோடு அதிகம். ஆர்சிசிபி என்ற கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச் விழுந்தால் கரன்ட் எர்த்துக்குக் கசிகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. குளிர்காலம் முழுக்க மூடிக் கிடந்த வண்டியில் இருந்த பெட்டியை வசந்தத்தில் முதன்முறை போடும்போது ஆர்சிசிபி விழுவது அடிக்கடி நடக்கும். காயிலைச் சுற்றி இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு ஈரத்தை உறிஞ்சும், அதன் வழியே கரன்ட் கசியும். ஃபிரிட்ஜ், சுடுதண்ணீர் ஹீட்டர் காயில்களும் அப்படியே. தனித்தனியாகக் கொஞ்சம் கொஞ்சம் கசிந்தாலும் கூட்டினால் 30 மில்லிஆம்ப் என்ற எல்லையை நெருங்கிவிடும். ஒவ்வொன்றாகப் பிடுங்கி எது காரணம் என்று கண்டுபிடியுங்கள். அந்தப் பெட்டியை வெதுவெதுப்பான இடத்தில் ஓரிரு நாள் உலரவிட்டும் விழுந்தால் பயன்படுத்தாதீர்கள். ஆர்சிசிபியை மீறி ஓட்டும் யோசனை எந்த வடிவத்தில் வந்தாலும் கேட்காதீர்கள்.

எதன் மேல் வைத்துத் தேய்க்கிறோம்

கேரவன் மேசை எடை குறைவாக இருக்க உள்ளே கூடாகவும் மேலே மெல்லிய லேமினேட்டாகவும் செய்திருப்பார்கள். ஒரு துண்டை மட்டும் விரித்துத் தேய்த்தால் பசை இளகிக் கொப்புளம் வரும், அதைச் சரிசெய்யவே முடியாது. இருக்கை மெத்தை அதைவிட மோசம், உள்ளே பாலியூரித்தேன் ஃபோம். கம்பளியை நான்காக மடித்து, மேலே பருத்தி விரிப்பு போடுங்கள். பெட்டியை எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள். ஜன்னல் கண்ணாடி என்று நாம் சொல்வது உண்மையில் அக்ரிலிக், சூட்டில் வளைந்துவிடும். அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். திரைச்சீலையை ஒதுக்கிக் கட்டுங்கள்.

மின்சாரம் இல்லையென்று கரிப்பெட்டியையோ கேஸ் இஸ்திரிப் பெட்டியையோ வண்டிக்குள் எடுத்துப்போவது உயிரோடு விளையாடுவது. தெருவோர வண்டியில் திறந்த காற்றில் நடக்கும் வேலை அது. மூடிய கேரவனுக்குள் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் சேரும்.

அமெரிக்கா போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே 120 வோல்ட். நம் 1,000 வாட் பெட்டி அங்கே 270 வாட்தான் தரும். அங்கே வாங்கிய பெட்டியை இங்கே போட்டால் காயில் நொடிகளில் போய்விடும். இரட்டை வோல்ட்டேஜ் டிராவல் பெட்டியாக இருந்தால் செருகும் முன் அதன் சிறிய மாற்றுச் சுவிட்ச் எதில் நிற்கிறது என்று பாருங்கள்.

புறப்படும் நாளன்று காலையில் இஸ்திரி போடாதீர்கள். கனமான தட்டு தொடும் சூட்டுக்கு இறங்கவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அவசரத்தில் அலமாரிக்குள் துணியோடு சேர்த்து வைத்துவிடுவோம். முந்தைய நாளே முடித்து, ஸ்டீம் பெட்டி என்றால் தண்ணீரைக் கொட்டி, ஒயரைத் தளர்வாகச் சுற்றி, வண்டி குலுங்கினாலும் விழாதபடி தரையோடு ஒட்டிய அறையில் வையுங்கள்.