கல்லூரியில் ஆன்லைன் வகுப்பு: வீடியோவிலிருந்து தொடங்காதீர்கள்

கல்லூரியில் ஆன்லைன் கற்பித்தலைக் கொண்டுவரலாம் என்று துறைக் கூட்டத்தில் முடிவானதுமே பேச்சு கேமராவுக்குப் போய்விடுகிறது. எந்த கேமரா, எந்த மைக், ஸ்டுடியோவுக்கு எந்த அறை. செமஸ்டர் பாதியில் பார்த்தால் 50 நிமிட வீடியோக்கள் வரிசையாக நிற்கும். முதல் வீடியோவை வகுப்பே பார்த்திருக்கும், எட்டாவதை நாலைந்து பேர். உடனே "பசங்களுக்கு அக்கறை இல்ல" என்று ஃபைலை மூடிவிடுவோம்.

இந்த வேலையிலேயே சுலபமான பகுதி வீடியோதான். நல்ல வீடியோ ஏற்கெனவே நிறைய இருக்கிறது. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல் என்ற இலவச ஆன்லைன் பாடத் தளத்தில் பொறியியல் பாடங்களில் பெரும்பாலானவற்றுக்கு விரிவுரை கிடைக்கும். அதையே நாம் இன்னொரு முறை பதிவு செய்து பெரிதாக ஆகப்போவது ஒன்றுமில்லை. மாணவர்களுக்குக் கிடைக்காமல் இருப்பது, அவர்கள் போட்ட கணக்கைப் பார்த்து "மூன்றாவது வரியில் குறி மாறிவிட்டது" என்று சொல்ல ஓர் ஆள். ஆன்லைனுக்குப் போகும்போது முதலில் காணாமல் போவதும் அந்த ஆள்தான்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. 2013 தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகம், உடாசிட்டி என்ற ஆன்லைன் பாட நிறுவனத்தோடு சேர்ந்து மூன்று கணிதப் பாடங்களை, பட்டத்துக்கான கிரெடிட்டில் சேரும்படி, ஆன்லைனில் நடத்தியது. தேர்ச்சி வளாக வகுப்புகளைவிட மிகவும் குறைந்துபோய், ஜூலையிலேயே திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். சேர்ந்தவர்களில் பலர் ஏற்கெனவே அடிப்படைக் கணிதத்தில் தோற்றவர்கள், இன்னும் சிலர் பள்ளி மாணவர்கள். அவர்களில் சிலரிடம் கணினி வசதியே சரியாக இல்லை. பிறகு நடந்த ஆய்வில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. யார் தேறுவார்கள் என்பதை மற்ற எதையும்விட நன்றாகக் காட்டியது, எத்தனை பயிற்சிக் கணக்குகளைப் போட்டு ஒப்படைத்தார்கள் என்பதுதான்.

ஆகவே திட்டமிடும்போது முதலில் எழுத வேண்டியது வாராந்தர வேலைப் பட்டியல். இந்த வாரம் மாணவர்கள் எதைச் செய்து அனுப்ப வேண்டும், அதை யார் எப்போது பார்த்துப் பதில் சொல்வார்கள்? இது முடிவானபின், அந்த வேலையைச் செய்ய எந்த வீடியோ, எந்தப் பக்கங்கள் தேவை என்று தேடினால் போதும். பாதி வாரங்களுக்குப் புதிதாக எதையும் பதிவு செய்ய வேண்டியிருக்காது.

வீடியோ நீளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் 69 லட்சம் பார்வைகளை அலசி 2014-இல் வந்த ஓர் ஆய்வு, 6 நிமிடத்துக்கு உட்பட்ட வீடியோக்களைத்தான் மாணவர்கள் கடைசிவரை பார்க்கிறார்கள் என்றது. அதைக் கேட்டு 50 நிமிட விரிவுரையை எட்டாக வெட்டிப் போடுபவர்கள் உண்டு. வெட்டிய இடத்தில் ஒரு கேள்வியாவது இல்லையென்றால் அதே விரிவுரைதான், இடையிடையே விளம்பரம் வேறு ஓடும்.

டைம்டேபிளை அப்படியே தூக்கிப் போடுவது

2020-இல் கல்லூரிகள் மூடியபோது காலை 9 முதல் மாலை 4 வரை இருந்த அட்டவணை அப்படியே கூகுள் மீட்டுக்குப் போனது. அன்றைக்கு வேறு வழியில்லை, அவசரம். ஆனால் திட்டமிட்டு ஆன்லைனைக் கொண்டுவரும் இன்றும் பலர் மனதில் இருப்பது அந்த மாதிரிதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசமாகக் கொடுத்தது. ஒரு மணி நேர வீடியோ வகுப்பு அரை ஜிபியைச் சாதாரணமாகத் தின்றுவிடும். ஐந்து பீரியட் நேரலையில் வைத்தால், அரசு கொடுத்த அந்த டேட்டாவும் மாலைக்குள் தீர்ந்துபோகும். அப்புறம் ரெக்கார்டிங்கை எதில் பார்ப்பது?

நேரலையை வாரம் ஒரு மணி நேரமாகச் சுருக்கி, அதையும் சந்தேகம் தீர்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இறக்கி வைத்துக்கொண்டு வசதியான நேரத்தில் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். எதை அனுப்பினாலும் முதலில் ஒரு சாதாரண ஃபோனில், வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். ப்ரொஜெக்டருக்காகச் செய்த பிபிடி ஐந்து அங்குலத் திரையில் எறும்பு ஊர்வதுபோல்தான் தெரியும். புத்தகப் பக்கங்களை ஸ்கேன் செய்து 80 எம்பி பிடிஎஃப்பாக வாட்ஸ்அப் குரூப்பில் போடும் பழக்கத்தையும் அதோடு விட்டுவிடலாம்.

அட்டென்டன்ஸ் விஷயத்திலும் பழைய பழக்கம் அப்படியே வருகிறது. மீட்டில் பெயர் இருந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தமில்லை. லிங்க்கைத் தட்டிவிட்டுத் தூங்கப் போவது எல்லோரும் அறிந்த வித்தை. இதைப் பிடிக்கிறேன் என்று கேமராவைக் கட்டாயமாக்குவது அதைவிட மோசம். ஒரே அறையில் நான்கு பேர் புழங்கும் வீட்டில், பின்னால் யார் எந்தக் கோலத்தில் நடக்கிறார்கள் என்று வகுப்பே பார்க்கும். மாணவிகள் பலர் அதற்காகவே வகுப்பை விட்டுவிடுவார்கள். அந்த வாரத்து வேலையை ஒப்படைத்தால் வருகை, இல்லையென்றால் இல்லை. துறைத்தலைவருக்குப் புரியவைக்கக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

தேர்வையும் வீட்டுக்கு அனுப்புவது

அண்ணா பல்கலைக்கழகம் 2021 பிப்ரவரியில் ஆன்லைனில் நடத்திய செமஸ்டர் தேர்வை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மாணவர்களைக் கண்காணித்தது மென்பொருள். முடிவு வந்தபோது ஏராளமானோர் தேறவில்லை, புகார்கள் குவிந்தன. கடைசியில் மறுதேர்வு நடத்தப்படும் என்று மே மாதம் அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. கண் திரையைவிட்டு விலகியது, பின்னால் ஏதோ சத்தம் கேட்டது என்பதையெல்லாம் வைத்து ஒரு மாணவரின் தேர்ச்சியை முடிவு செய்யும் பொறுப்பை மென்பொருளிடம் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

ஆன்லைனில் நன்றாகப் பழகியவர்களே தேர்வை நேரில்தான் வைக்கிறார்கள். ஐஐடி மெட்ராஸ் 2020-இல் தொடங்கிய டேட்டா சயன்ஸ் பட்டப்படிப்பில் பாடம் ஆன்லைன், ஆனால் செமஸ்டர் தேர்வுக்கு மையத்துக்கு வர வேண்டும். என்பிடெல் சான்றிதழிலும் வாராந்தர அசைன்மென்ட்டுக்கு 25, மையத்தில் எழுதும் தேர்வுக்கு 75. அதில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்டுகள் மட்டுமே கணக்கில் வரும். காய்ச்சல், கரன்ட் கட், அக்கா கல்யாணம் எல்லாம் மீதி நான்கில் அடங்கிவிடும். யாரும் லெட்டர் எழுதிக்கொண்டு வந்து நிற்க வேண்டாம். இன்டர்னல் மார்க்குக்கும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அசைன்மென்ட் விடைகள் யூடியூபில் சுற்றுவதும், 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்தபின் கட்டுரை என்பது யார் எழுதியது என்றே தெரியாத பொருளாகிவிட்டதும் உண்மைதான். அதற்குக் கண்காணிப்பை இன்னும் இறுக்கிப் பயனில்லை. வீட்டில் செய்த வேலைக்குக் குறைந்த மார்க் வைத்து, வகுப்புக்கு வரும் நாளில் ஐந்து நிமிடம் அதைப் பற்றியே கேளுங்கள். தானே போட்ட கணக்கென்றால் போர்டில் திரும்பப் போட்டுவிடுவார்கள்.

சுயம் பாடத்தில் சேர்த்துவிட்டுக் கையைக் கழுவுவது

ஒரு செமஸ்டர் பாடங்களில் 20 சதவீதம் வரை மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான சுயத்திலிருந்து எடுக்கலாம் என்று 2016-இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதி வந்தது. 2021-இல் அது 40 சதவீதமானது. அதை வைத்து மொத்த வகுப்பையும் ஏதாவது ஒரு பாடத்தில் பதிவு செய்யவைக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. யார் எந்த வாரத்தில் நின்றார்கள் என்று யாருக்கும் தெரியாது. தமிழ் வழியில் படித்து வந்த மாணவர்களுக்கு ஆங்கில விரிவுரை மூன்றாம் வாரமே மலையாகிவிடும். வாரத்துக்கு ஒரு பீரியட் ஒதுக்கி, அந்த வாரத்துப் பாடத்தைத் தமிழில் பேசி, கணக்கை ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். கதையே மாறும். தேர்வுத் தேதியும் முடிவு வரும் நாளும் நம் செமஸ்டரோடு பொருந்துகிறதா என்பதைப் பதிவுக்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

நேரத்துக்குக் கணக்கு வைக்காதது

நான் மேலே சொன்ன எல்லாமே ஆசிரியரின் நேரத்தைக் கேட்பவை. 60 பேர் வகுப்பில் ஒவ்வொருவரின் வேலைக்கும் 5 நிமிடம் என்றால் வாரத்துக்கு 5 மணி நேரம். யுஜிசியின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல். திருத்துவதும் பதில் சொல்வதும் ஒர்க்லோடில் எங்கேயும் ஏறுவதில்லை. கெளரவ விரிவுரையாளர் என்றால் கேட்கவே வேண்டாம்.

1971 முதல் தொலைவிலிருந்தே மாணவர்களுக்குக் கற்பித்து வரும் பிரிட்டனின் ஓபன் யுனிவர்சிட்டி இதை ஆரம்பத்திலேயே பிரித்துவிட்டது. பாடத்தை ஒரு குழு தயாரிக்கும். அசைன்மென்ட்டைத் திருத்திக் குறிப்பு எழுதுவதற்கென்றே தனியாக டியூட்டர்கள் உண்டு, அந்த வேலைக்குச் சம்பளமும் உண்டு. இங்கே அந்த அளவுக்கு ஆள் போட முடியாதுதான். ஒரே ஒரு பேப்பரில், ஒரு செமஸ்டருக்கு மட்டும் தொடங்குங்கள். அதற்கு முன்னால் வாரத்துக்கு இரண்டு பீரியடாவது திருத்தும் நேரமாக ஒர்க்லோடில் சேரும் என்று முதல்வரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்பித் தொடங்கினால், அடுத்த டைம்டேபிள் போடும்போது "ஆன்லைன்தானே சார், ஃப்ரீயாத்தானே இருக்கீங்க" என்று அந்த நேரத்தில் இன்னொரு பேப்பரைத் தலையில் கட்டிவிடுவார்கள்.