ஒரு கட்டில், ஆறு சிவப்பு நாடாக்கள்: வலியை வரைந்த படத்தை வாசிப்பது எப்படி?

ஓவியர் தன் வாழ்க்கையையே வரைந்த படம் என்றதும், பலரும் முதலில் குறியீடுகளுக்கு அகராதி தேடப் போய்விடுகிறார்கள். நத்தை என்றால் என்ன, பூ என்றால் என்ன என்று. அப்படிப் போனால் பாதிப் படம் கண்ணிலேயே படாது. மெக்சிக ஓவியர் ஃப்ரிடா காலோ 1932-இல் வரைந்த ‘ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை’ படத்தை வைத்து வேறு வழியில் பழகிப் பார்க்கலாம். இணையத்தில் எடுத்துப் பெரிதாக்கி வைத்துக்கொள்ளுங்கள். கருக்கலைந்ததைப் பற்றிய படம், ரத்தம் இருக்கிறது. மனசு சரியில்லாத நாளில் வேண்டாம்.

படி 1: கண்ணில் படுவதை எழுதுங்கள்

ஒரு தாள் போதும். ‘சோகம்’, ‘தனிமை’ போன்ற சொற்களுக்கு இப்போதைக்குத் தடை. கட்டில். அதில் ஆடையில்லாத ஒரு பெண். இடுப்புக்குக் கீழே வெள்ளை விரிப்பில் ரத்தம். கன்னத்தில் அளவுக்கு மீறிப் பெரிதாக ஒரு கண்ணீர்த்துளி. வயிற்றோடு ஒட்டிய கையில் ஆறு சிவப்பு நாடாக்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பொருள். மேலே பெண் உடலின் மருத்துவ மாதிரி, ஆண் சிசு, நத்தை. கீழே ஏதோ ஓர் இயந்திரம், ஊதா ஆர்க்கிட் பூ, இடுப்பெலும்பு. தொடுவானத்தில் தொழிற்சாலைகள்.

படி 2: எது எங்கே இருக்கிறது?

மருத்துவமனை என்று பெயர், ஆனால் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. டாக்டரோ நர்ஸோ கிடையாது. கட்டில் வெட்டவெளியில் கிடக்கிறது. பெண்ணின் உடம்புக்கு அது ரொம்பப் பெரிது. சாய்ந்திருக்கிற சாய்வில் நழுவி விழுந்துவிடுவாளோ என்று தோன்றும். இப்போது ‘தனிமை’ என்று எழுதிக்கொள்ளலாம். கைகாட்ட ஆதாரம் இருக்கிறதே!

படி 3: வாழ்க்கையைப் பக்கத்தில் வையுங்கள்

முழு வரலாறு தேவையில்லை. 1925 செப்டம்பர் 17 அன்று, 18 வயதில், பேருந்து விபத்து. இடுப்பெலும்பு மூன்று இடங்களில் முறிந்தது. 1932-இல் கணவர் டியேகோ ரிவேரா டெட்ராய்ட் கலைக்கூடத்தில் சுவரோவியம் தீட்டிக்கொண்டிருந்தார், ஃபோர்டு தொழிற்சாலையைப் பொருளாக வைத்து. அந்த ஊர் மருத்துவமனையில் ஜூலை 4 அன்று ஃப்ரிடாவின் கரு கலைந்தது. 25-ஆவது பிறந்தநாளுக்கு இரண்டே நாள் இருந்தது.

சரி, பட்டியலுக்குத் திரும்புங்கள். இடுப்பெலும்பு ஏன் என்று இனி யாரும் சொல்லித்தர வேண்டாம். தொலைவில் தெரிவதும் கணவர் வியந்து வியந்து வரைந்த அதே தொழிற்சாலைகள்தான். மனைவியின் படத்தில் அவை கைக்கு எட்டாத தூரத்தில், யாருக்கோ எதற்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன. சிசு ஏன் இவ்வளவு துல்லியம்? படுக்கையில் இருந்தபடி ஃப்ரிடா மருத்துவப் புத்தகம் கேட்டார். டாக்டர்கள் தர மறுக்க, டியேகோ கொண்டுவந்து கொடுத்தார்.

படி 4: ஒவ்வொரு நாடாவாகப் பிடித்துப் போங்கள்

இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். நத்தை மெதுவாக நகரும் என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கே மெதுவாக நடந்தது எது? கரு கலைந்த அந்த நேரம்தான் என்று ஃப்ரிடாவே சொல்லியிருக்கிறார். அகராதியில் இது கிடைக்காது. ஆர்க்கிட், டியேகோ மருத்துவமனைக்குக் கொண்டுவந்த பூ. அதன் வடிவில் கருப்பையைப் பார்ப்பவர்களும் உண்டு. இரண்டுமே பொருந்துகிறது, ஒன்றுக்காக இன்னொன்றை அடிக்க வேண்டாம். இயந்திரத்துக்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு எதுவும் ஒட்டவில்லை. என் தாளில் அதன் பக்கத்தில் இன்னும் கேள்விக்குறிதான்.

பொருள்களையே பார்த்துக்கொண்டு நாடாவை விட்டுவிடாதீர்கள். அது தொப்புள்கொடி மாதிரி இருக்கிறது. பிள்ளைக்குச் சோறூட்ட வேண்டிய கொடி எலும்புக்கும் இயந்திரத்துக்கும் போகிறது. ஆறையும் பிடித்திருப்பது அவள் கைதான். யாரும் கட்டிவிடவில்லை, அவளும் விடவில்லை.

படி 5: எதன்மேல் வரைந்தது?

புத்தகத்தில் பார்ப்பவர்கள் தாண்டிப் போகும் இடம் இது. இது துணியில் வரைந்ததல்ல, உலோகத் தகட்டில். அகலமே சுமார் 38 சென்டிமீட்டர். மெக்சிகோவில் விபத்திலோ நோயிலோ பிழைத்தவர்கள் சின்னத் தகரத்தில் அந்தக் காட்சியை வரைந்து தேவாலயத்துக்குக் காணிக்கையாகக் கொடுப்பார்கள். கீழே படுக்கையில் நோயாளி, மேலே வானத்தில் காப்பாற்றிய புனிதர், அடியில் நன்றி சொல்லும் நாலு வரி. ஃப்ரிடா எடுத்துக்கொண்டது அந்த வடிவத்தைத்தான்.

அப்புறம் கட்டிலின் சட்டத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மருத்துவமனையின் பெயர், ஊர், 1932 ஜூலை, அவருடைய பெயரின் முதலெழுத்துகள். நன்றி என்று ஒரு சொல் இல்லை. புனிதர் இருக்க வேண்டிய இடத்தில், கட்டிலுக்கு நேர் மேலே, அந்தச் சிசு மிதக்கிறது.