காப்பர் ஸ்பிரிங் ஏன் தளர்ந்து போகுது? கனெக்டருக்கு உலோகம் எடுக்கறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாயான் லெப்பாஸ், பிறை, பத்து காவான், கொஞ்சம் தள்ளிப் போனா கூலிம், இங்கெல்லாம் கனெக்டர், டெர்மினல், ரிலே, சென்சர்னு செய்யற கிலாங்ல (ஃபேக்டரில) நம்ம ஆளுங்க எத்தனையோ பேர் டூலிங்லயும் கியூசிலயும் பர்சேசிங்லயும் இருக்காங்க, 1972ல பினாங்குல ஃப்ரீ ட்ரேட் ஸோன் ஆரம்பிச்சதுலேர்ந்து இது நம்ம ஊர் வேலைதான். ஆனா காப்பர் அலாய் செலக்ட் பண்றப்ப மட்டும் ஒரே தப்பு திரும்பத் திரும்ப நடக்குது. ஸ்ட்ரிப், அதாவது சுருளா வர்ற மெல்லிசு உலோகத் தகடு, புதுசா வந்த அன்னிக்கு எவ்வளவு பலமா இருக்குன்னு பாக்கறாங்க, அஞ்சு வருஷம் சூட்டுல கிடந்த பிறகு எவ்வளவு மிச்சம் இருக்கும்னு பாக்கறதில்ல.

விஷயம் என்னன்னா, கனெக்டருக்குள்ள இருக்கற பெண் டெர்மினல், அதாவது பின்னை உள்ள வாங்கிக்கற பக்கம், ஒரு குட்டி ஸ்பிரிங். பின் உள்ள போனதும் அது வளைஞ்சு பின்னை அழுத்திப் பிடிக்குது, அந்த அழுத்தம்தான் காண்டாக்ட். ஸ்பிரிங்கை வளைச்ச நிலையிலயே வருஷக்கணக்குல வச்சிருந்தா உலோகத்துக்குள்ள மெதுவா நகர்வு நடந்து, திரும்பி வர வேண்டிய வளைவுல ஒரு பகுதி நிரந்தர வளைவா மாறிடும். இதைத்தான் ஸ்ட்ரெஸ் ரிலாக்சேஷன்னு சொல்றாங்க. வெளியிலேர்ந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது, அளவு மாறாது, நிறம் மாறாது, உடையவும் உடையாது, அழுத்தம் மட்டும் குறைஞ்சுக்கிட்டே போகும். ஊறுகாய் பாட்டில்ல ரொம்ப நாள் கட்டி வச்ச ரப்பர் பேண்டைக் கழட்டினா தொளதொளன்னு வருமே, அந்த மாதிரி.

அழுத்தம் குறைஞ்சா என்ன ஆகும்னு வீட்டு 13 ஆம்பியர் பிளக்கை வச்சே கணக்குப் போடலாம். 3 கிலோவாட் கெட்டில் 230 வோல்ட்ல சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். காண்டாக்ட் ரெசிஸ்டன்ஸ், அதாவது ரெண்டு உலோகம் தொடற இடத்துல கரண்டுக்கு இருக்கற தடை, 5 மில்லி ஓம் இருந்தா அந்த இடத்துல உண்டாகற சூடு 0.85 வாட், பிரச்சனை இல்ல. அதே ரெசிஸ்டன்ஸ் 50 மில்லி ஓம் ஆயிட்டா 8.5 வாட், அதுவும் குண்டூசித் தலை மாதிரி ஒரு புள்ளியில. அந்தச் சூடு ஸ்பிரிங்கை இன்னும் வேகமா தளர வைக்கும், தளர்ந்தா ரெசிஸ்டன்ஸ் இன்னும் ஏறும், ஏறினா இன்னும் சூடு. சாக்கெட் ஓட்டையைச் சுத்தி பழுப்பா உருகின தடம் இருந்தா, நிறைய நேரம் கதை இதுதான். அந்த சாக்கெட்டை மாத்தணும், பிளக்கை நல்லா அழுத்திச் சொருகிட்டா சரியாயிடும்னு விடக்கூடாது.

சரி, தவறுகளுக்கு வருவோம். டேட்டாஷீட்ல டென்சைல் நம்பரைப் பாத்து முடிவெடுக்கறது ரொம்ப சகஜம். டென்சைல்ங்கறது அறுந்து போற பலம், ஸ்பிரிங்குக்கு வேணும்ங்கறது யீல்டு, அதாவது எது வரைக்கும் வளைச்சா திரும்பி வரும்ங்கறது. அதைத் தெரிஞ்சவங்களும் அடுத்த படியில வழுக்கறாங்க, ரிலாக்சேஷன் சதவீதத்தை, அதாவது சூட்டுல கிடந்த பிறகு எத்தனை சதவீதம் ஸ்ட்ரெஸ் மிச்சம்ங்கறதை, மட்டும் தனியா எடுத்து ஒப்பிடறாங்க. உதாரணத்துக்கு ஒரு அலாய் யீல்டு 600 மெகாபாஸ்கல், 75 சதவீதம் லோடு பண்ணினா 450, டெஸ்ட் முடிவுல 70 சதவீதம் மிச்சம்னா கையில இருக்கறது 315. இன்னொண்ணு யீல்டு 450, அதே 75 சதவீதம்னா சுமார் 337, 88 சதவீதம் மிச்சம்னா 297. சதவீதத்தைப் பாத்தா ரெண்டாவதுதான் ஜெயிக்குது, நிஜமா மிச்சம் இருக்கற ஸ்ட்ரெஸ் முதல்ல இருக்கறதுலதான் அதிகம். ரெண்டையும் பெருக்கித்தான் பாக்கணும் லா, அதுவும் ஒரே டெம்பரேச்சர், ஒரே நேரம், ஒரே ஆரம்ப லோடுல எடுத்த நம்பரா இருக்கணும்.

கடத்துத்திறன் பக்கம் மட்டும் சாயறவங்களும் உண்டு. சுத்தமான காப்பரை 100ன்னு வச்சு மத்ததை ஒப்பிடற ஐஏசிஎஸ் அளவுல காப்பர் 100 சதவீதம், நல்லா கடத்தும், ஆனா ஸ்பிரிங்கா ரொம்ப நாள் நிக்காது. 70-30 பித்தளை 28 சதவீதம், 5 சதவீத வெள்ளீயம் போட்ட பாஸ்பர் பிரோன்ஸ் சுமார் 15, பெரிலியம் காப்பர் சி17200 இருபதுக்குக் கொஞ்சம் மேல, நிக்கல் சிலிக்கன் போட்ட சி7025 நாற்பதை ஒட்டி, குரோமியம் சிர்கோனியம் காப்பர் 80 பக்கம். கரண்ட் அதிகமா போற இடத்துல பாஸ்பர் பிரோன்ஸ் போட்டா அது தானே சூடாகி தன்னையே தளர்த்திக்கும், சிக்னல் கனெக்டர்ல அதே பாஸ்பர் பிரோன்ஸ் அருமையா வேலை செய்யும்.

டெம்பரேச்சர் விஷயத்துலதான் எனக்கு உண்மையிலேயே ஆதங்கம். பினாங்கு வெயில் 33 டிகிரின்னு யாரும் கணக்குப் போடப் போறதில்ல, ஆனா கார் பார்ட்டுக்கு கஸ்டமர் சொன்ன 85 டிகிரி சுத்துப்புறச் சூட்டை அப்படியே எடுத்து எழுதிடறாங்க. கரண்ட் போறப்ப கனெக்டர் தானே ஏத்தற சூடு அதுக்கு மேல, பல கனெக்டரோட கரண்ட் ரேட்டிங்கே 30 டிகிரி ஏத்தம் வரைக்கும்னுதான் கொடுக்கறாங்க. 85ம் 30ம் சேர்ந்தா 115. பித்தளை சுமார் 75 டிகிரிக்கு மேல வேகமா தளர ஆரம்பிச்சிடும், பாஸ்பர் பிரோன்ஸுக்கு 105 பக்கம் யோசிக்க வேண்டிய எல்லை, அதுக்கு மேல நிக்கல் சிலிக்கன் இல்லன்னா பெரிலியம் காப்பர் பக்கம்தான் போகணும், இந்த ரெண்டும் 150 வரைக்கும் நம்பிப் போடலாம். விலை ஏறும்தான். ஆனா இஞ்சின் பக்கத்துல உக்காந்திருக்கற பித்தளை டெர்மினல் விலை குறைச்சல்ங்கறதுக்காக சூட்டை விட்டுக்கொடுக்குமா?

இன்னும் ஹார்டா இருக்கற டெம்பர் (ஸ்ட்ரிப்போட கடினத் தரம்) எடுத்தா சேஃப்னு நினைக்கறது அடுத்தது. ரோலிங்ல அதிகமா அடிச்சு ஹார்டாக்கின ஸ்ட்ரிப்ல யீல்டு ஏறும், ஆனா உலோகத்தோட அணு அடுக்குல உள்ள அடைச்சு வச்ச குறைகளும் அதிகம்ங்கறதால சூட்டுல அதே அலாயோட மிருதுவான டெம்பரை விட அதிக சதவீதம் தளரலாம், அதனாலதான் மில்லுல ரோலிங்குக்கு அப்புறம் லேசா சூடாக்கி ரிலீஃப் அனீல் பண்ணிக் கொடுக்கறாங்க. வாங்கறப்ப அதைக் கேட்டு வாங்கணும். ஹார்டு டெம்பர்னா வளைக்கிற இடத்துல வெடிப்பும் வரும். ஸ்ட்ரிப்பை வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா மெல்லிசா கோடு கோடா தெரியும் பாருங்க, அதுதான் ரோலிங் திசை. வளைவோட மடிப்புக்கோடு அந்தக் கோட்டுக்குக் குறுக்கா வந்தா உலோகம் ஒத்துழைக்கும், கோட்டோடயே ஓடினா அதே ரேடியஸ்ல வெளிப்பக்கம் முதல்ல ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு, அப்புறம் லென்ஸ் வச்சுப் பாத்தா முடி மாதிரி கீறல். ஸ்கிராப் குறையணும்னு டை லேஅவுட்ல, அதாவது ஸ்ட்ரிப்ல பார்ட்டை வெட்ட அடுக்கற வரைபடத்துல, பார்ட்டை 90 டிகிரி திருப்பிப் போடறாங்க இல்ல, அங்கதான் மாட்டிக்கறாங்க, ஏன்னா வளைவும் மாறிடுது, ஸ்ட்ரிப் நீளவாக்குல எடுத்த ரிலாக்சேஷன் டேட்டாவும் அந்தப் பார்ட்டுக்கு இனிமே சேராது.

ஹார்டா இருந்தா விறைப்பா இருக்கும்ங்கறதும் தப்பு. விறைப்பைத் தீர்மானிக்கறது மாடுலஸ், அது பித்தளை பாஸ்பர் பிரோன்ஸுக்கு 110 கிகாபாஸ்கல் பக்கம், பெரிலியம் காப்பருக்கு 130 பக்கம், டெம்பர் மாத்தினா அது பெருசா மாறாது. அழுத்தத்தை மாத்தறது கனம்தான், அதுவும் மூணு மடிப் பெருக்கல்ல. ஸ்ட்ரிப் கனத்தை 10 சதவீதம் குறைச்சா 0.9ஐ மூணு தடவை பெருக்கணும், 0.73 வரும், அழுத்தத்துல கால் பங்குக்கு மேல போயிடுச்சு. மெட்டீரியல் காசு மிச்சம்னு கனத்தைக் குறைக்கச் சொல்றவங்ககிட்ட இந்த ஒரு கணக்கைக் காட்டினா போதும்.

பெரிலியம் காப்பர் எடுத்தா ரெண்டு விஷயம். ஸ்டாம்பிங்குக்கு அப்புறம் ஹார்டன் பண்ற வகைன்னா சுமார் 315 டிகிரியில ரெண்டு மூணு மணி நேரம் வைக்கணும், அப்ப பார்ட் கொஞ்சம் சுருங்கி கோணும், டாலரன்ஸ் டைட்டா இருந்தா மில்லுலயே ஹார்டன் பண்ணி வர்றதை வாங்கறது நல்லது. இன்னொண்ணு, கிரைண்டிங் தூசு நுரையீரலுக்கு ஆபத்து, சக்ஷன் இல்லாம உலர்வா தேய்க்கவே கூடாது, புதுப் பையன்கிட்ட முதல் நாளே சொல்லுங்க. பித்தளை பக்கம் அமோனியா கலந்த கிளீனர் வேண்டாம், வளைச்ச ஸ்ட்ரெஸ் உள்ள இருக்கற பித்தளை அமோனியா பட்டா தானா வெடிக்கும்.

கடைசியா டெஸ்ட். பின் சொருகாம வெறும் டெர்மினலை சூட்டு அடுப்புல வச்சு 1000 மணி நேரம், அதாவது ஒன்றரை மாசத்துக்குக் கொஞ்சம் குறைவா, ஓட்டிட்டு பாஸ்னு ரிப்போர்ட் எழுதறதுல அர்த்தமே இல்ல, வளையாத ஸ்பிரிங்ல தளர்றதுக்கு ஸ்ட்ரெஸ்ஸே கிடையாதே. சொருகின நிலையில வைக்கணும், முன்னாலயும் பின்னாலயும் அழுத்தத்தை அளக்கணும். ஆரம்பத்துல வேகமா குறைஞ்சு அப்புறம் மெதுவாகறதால 24 மணி நேர நம்பரை வச்சு பத்து வருஷத்தை நேர்க்கோடா கணக்குப் போட முடியாது, நேரத்தை லாக் ஸ்கேல்ல, அதாவது 1, 10, 100, 1000னு பத்து மடங்கா போற அளவுல, போட்டுத்தான் நீட்டணும். ரெசிஸ்டன்ஸ் அளக்கறப்ப 20 மில்லிவோல்ட், 100 மில்லி ஆம்பியருக்குள்ள வச்சுக்கணும், வோல்ட் அதிகம் கொடுத்தா மேல படிஞ்ச ஆக்சைடு படலத்தை உடைச்சுக்கிட்டு கரண்ட் போயிடும், கெட்டுப்போன காண்டாக்ட் கூட நல்லதுன்னு காட்டும்.