பெரிய சட்ட நிறுவனத்தில் சேர முன்: கொழும்பில் நம் பிள்ளைகள் செய்யும் தவறுகள்

புதுக்கடை நீதிமன்றத்தில் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்த கையோடு யாராவது ஒரு தம்பியோ தங்கச்சியோ எனக்குப் போன் எடுப்பதுண்டு. "அக்கா, பெரிய லோ ஃபேர்ம் ஒன்றிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள்." யாழ்ப்பாணத்திலிருந்து, மட்டக்களப்பிலிருந்து, ஹட்டனிலிருந்து. அந்தக் குரலில் இருக்கும் சந்தோஷம் எனக்கும் தொற்றிவிடும். நானும் அப்படி ஓர் இடத்தில் ஏழு வருடம் இருந்தவள். அடுத்ததாக அவர்கள் கேட்பது: "நல்ல இடம்தானே?" அங்கேதான் முதல் தவறு தொடங்குகிறது.

நல்ல இடம் என்றால் யாருக்கு? வேலையைக் கொண்டு வரும் கட்சிக்காரருக்கா, நிறுவனத்துக்குச் சொந்தக்காரரான பங்காளர்களுக்கா, இரவு ஒன்பது மணிக்கு ஒப்பந்தம் திருத்திக்கொண்டிருக்கும் ஜூனியருக்கா? ஒரு நிறுவனத்தின் பேர் வேறு, அதன் பணம் வேறு, உள்ளே மனிதர்கள் நடத்தப்படும் விதம் வேறு. ஒன்றைப் பார்த்து மற்ற இரண்டையும் முடிவு செய்யக் கூடாது.

கொழும்பில் பேர் என்பது பெரும்பாலும் வயதோடு வருவது. எப். ஜே. அன்ட் ஜி. டி சேரம் 1841 இல் தொடங்கியது. ஜூலியஸ் அன்ட் க்ரீஸி 1879 இல். சட்டக் கல்லூரியே 1874 இல்தான் வந்தது என்பதை நினைத்தால் அந்த வயதின் கனம் விளங்கும். இதற்கு மேல் சேம்பர்ஸ், லீகல் 500 போன்ற சர்வதேசத் தரப்பட்டியல்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நிறுவனமே தன் வேலைகளை எழுதி அனுப்பும், கட்சிக்காரர்களிடமும் விசாரிப்பார்கள். வேலை திறமாக நடக்கிறதா என்று அறிய அவை உதவும். அந்த வேலையைச் செய்த பிள்ளை எத்தனை மணிக்கு வெள்ளவத்தை அறைக்குத் திரும்பினாள் என்பது அவற்றில் இராது.

கட்டடத்தைப் பார்த்துப் பணத்தைக் கணக்கிடுவது அடுத்த தவறு. இதற்கு நியூயோர்க்கில் நடந்ததையே நான் எப்போதும் சொல்வேன். டூயி அன்ட் லெபஃப் நிறுவனம் 2007 இல் இரண்டு பழம்பெரும் நிறுவனங்கள் இணைந்து உருவானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சட்டத்தரணிகள். பெயரில் இருந்த டூயி, நியூயோர்க் ஆளுநராக இருந்து 1948 இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்றவர். இதற்கு மேல் என்ன பேர் வேண்டும்? ஆனால் இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் இவ்வளவு தருவோம் என்று பல பங்காளர்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். 2010 இல் பத்துக் கோடி டொலருக்கு மேல் கடன் பத்திரம் விற்றார்கள். 2012 மே மாதம் வங்குரோத்து. முன்னாள் பங்காளர்கள் தாங்கள் எடுத்ததில் சுமார் 7 கோடி டொலரைத் திருப்பிக் கொடுக்க ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. நிதிப் பொறுப்பில் இருந்தவர் 2017 இல் குற்றவாளியாகக் காணப்பட்டார். வேலையிழந்த ஊழியர்கள் உரிய முன்னறிவித்தல் தரப்படவில்லை என்று வழக்குப் போட்டார்கள். வரவேற்பறைப் பளிங்கில் இதில் எதுவும் தெரிந்திராது.

நமது நிறுவனங்கள் பங்குடமைகள். கணக்கைப் பத்திரிகையில் போடுவதில்லை. ஆனால் நேர்முகத் தேர்வில் மரியாதையாக ஒரு கேள்வி கேட்கலாம்: "இங்கே எந்த வகை வேலை அதிகம் வருகிறது?" பதிலைக் கவனமாகக் கேளுங்கள். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி ஒவ்வொரு கம்பனிக்கும் செயலாளர் வேண்டும். அந்தச் செயலாளர் வேலை ஆண்டுதோறும் வரும் நிலையான வருமானம். வங்கிக்கு ஈடு, அதாவது கடனுக்குச் சொத்தை அடமானம், எழுதுவது கடன் ஓடும் காலத்தில் மட்டும் ஓடும். வெளிநாட்டுக் கட்சிக்காரர் என்றால் பில் டொலரில் போகும். 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டபின் 200 அளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360 ஐத் தொட்டது. ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி கூட்டியது. டொலரில் பில் போட்டவர்களுக்கும் ஈட்டு வேலையை நம்பியிருந்தவர்களுக்கும் அந்த ஒரே வருடம் இரண்டு வேறு வருடங்களாக இருந்தது.

இனி நியமனக் கடிதம். தொகை எழுதிய வரியை மட்டும் படித்துவிட்டு அம்மாவுக்குப் போன் எடுத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். தொகைக்கு முன்னால் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். "சம்பளம்" என்றிருந்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 சதவீதம், அவர்களிடமிருந்து 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர்கள் இன்னும் 3 சதவீதம். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தியானால் பணிக்கொடை, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். "ரிட்டெய்னர்" (மாதாமாதம் தரும் நிலையான கட்டணம்), "ஆலோசனைக் கட்டணம்" என்றிருந்தால் இவை எதுவும் வராமல் போகலாம்; மாதம் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டணம் என்றால் கையில் தருமுன்பே கழிக்கும் 5 சதவீத நிறுத்திவைத்தல் வரியும் போகும். தினமும் அவர்கள் சொல்லும் நேரத்துக்கு, அவர்கள் மேசையில், அவர்கள் வேலையை மட்டும் செய்கிறீர்கள் என்றால் கடிதத்தில் என்ன பெயர் போட்டிருந்தாலும் நீங்கள் ஊழியர்தான் என்று வாதிட இடமுண்டு. அந்த வாதத்தைப் பிறகு தொழில் திணைக்களத்தில் வைப்பதைவிட, கையெழுத்துக்கு முன் கேட்பது ஆயிரம் மடங்கு சுகம்.

எனக்கு உண்மையாகவே நோவது அடுத்த இரண்டும்தான்.

பெரிய நிறுவனங்களில் நேரத்தை ஆறு நிமிடத் துண்டுகளாகப் பதிவார்கள், 0.1 என்றால் ஆறு நிமிடம். நான் சேர்ந்த மூன்றாம் மாதம் ஒரு ஹோட்டல் கம்பனியின் பங்கு விற்பனை ஒப்பந்தம் வந்தது. விற்பவர் தரும் உத்தரவாதங்கள் மட்டும் பதினான்கு பக்கம். ஒவ்வொன்றையும் பழைய கோப்புகளோடு ஒப்பிட்டு ஒன்பது மணித்தியாலம் எடுத்தேன். டைம்ஷீட்டைத் திறந்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. பக்கத்து மேசைப் பிள்ளை, கொழும்பில் ஆங்கிலத்தில் படித்து வந்தவள், நான்கில் முடித்திருப்பாள் என்று நானே நினைத்துக்கொண்டேன். 5.5 என்று பதிந்தேன். வருடம் முழுக்க இப்படி. வருட முடிவில் என் பங்காளர் தாளைத் திருப்பி வைத்துச் சொன்னார்: "உங்களுக்கு மணித்தியாலம் போதாது." நான் வாய் திறக்கவில்லை. அந்த முறை சம்பள உயர்வும் இல்லை. ஏன் குறைவு என்று அவரும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து டைம்ஷீட் எழுதக் கற்றுத்தர அங்கே யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

பதிந்த நேரத்தை வெட்டுவது பங்காளரின் வேலை. பில் போகுமுன் எதைக் கட்சிக்காரரிடம் கேட்பது, எதை விட்டுவிடுவது என்று அவர் தீர்மானிப்பார். அதற்குத்தான் அவருக்கு அந்த அதிகாரம். ஜூனியர் எடுத்த நேரத்தை எடுத்தபடி பதிய வேண்டும். நீங்கள் ஒளித்தால், அடுத்த முறை அதே மாதிரி வேலைக்கு விலை சொல்லும்போது உங்கள் பொய்க் கணக்கை வைத்தே சொல்வார்கள். விலை குறையும், அடுத்து வரும் பிள்ளை அந்தக் குறைந்த நேரத்துக்குள் முடிக்க வேண்டி வரும்.

மற்றது, காணி உறுதிகள். மாடியில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. சுன்னாகத்துக் காணி ஒன்றுக்கு வங்கி கடன் கொடுக்கப் போகிறது என்றால் பழைய உறுதி என் மேசைக்கு வரும்: "இதைக் கொஞ்சம் ஆங்கிலத்தில் சொல்லுங்கள்." மங்கிய மை, நொத்தாரிசின் சுருட்டை எழுத்து, இத்தனை பரப்பு, வடக்கே இன்னாரின் காணி. நான் மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டு நேரத்தையும் பதியாமல் விட்டேன். உதவிதானே என்று நினைத்தேன். அது உதவியல்ல. "சீதனம்", "முதுசம்" (பரம்பரையாக வந்த சொத்து), "தேடியதேட்டம்" (திருமண காலத்தில் தேடிய சொத்து) என்ற மூன்று சொற்களையும் வேறுபிரித்து அறிவது, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையை அறிவது. மனைவி தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமா, மனைவி இறந்துவிட்டால் தேடியதேட்டத்தில் பிள்ளைகளுக்குப் பங்கு வந்திருக்கிறதா, 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கூட்டு உரித்தாளருக்கு முன்வாங்கும் உரிமை (வெளியாருக்கு முன் தாம் வாங்கும் உரிமை) அறிவித்தல் போனதா: வங்கியின் ஈடு நிற்பதும் விழுவதும் இவற்றில்தான். இது சட்ட அபிப்பிராயம். உங்கள் பெயரில் எழுதுங்கள், நேரத்தைப் பதியுங்கள். கூடவே மற்றக் கோப்புகளையும் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் ஐந்தாம் வருடமும் "வடக்குக் காணி" ஆளாகவே இருப்பீர்கள்.

ஆங்கிலப் பயம் பற்றி இவ்வளவுதான்: சட்டக் கல்லூரியை ஆங்கிலத்துக்கு மட்டும் ஒதுக்கும் ஒழுங்குவிதியை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் தோற்கடித்தது, நல்லது. ஆனால் கோட்டையிலும் கொள்ளுப்பிட்டியிலும் ஒப்பந்தங்கள் ஆங்கிலத்தில்தான் வரும். கூட்டத்தில் ஒரு கேள்வியாவது கேளுங்கள். பிழை விட்டால் விடட்டும்.

கத்துவதையும் அவமானப்படுத்துவதையும் "பயிற்சி" என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். சர்வதேச சட்டத்தரணிகள் சங்கம் 2019 இல் 135 நாடுகளில் கிட்டத்தட்ட 7,000 பேரிடம் கேட்டபோது, பெண்களில் இருவருக்கு ஒருவர், ஆண்களில் மூவருக்கு ஒருவர் இத்தகைய கொடுமையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். பெண்களில் மூவருக்கு ஒருவர் பாலியல் தொல்லையும். தொல்லைச் சம்பவங்களில் நான்கில் மூன்று முறையிடப்படவே இல்லை. நமது தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு, 1995 திருத்தத்தின் பின், வேலைத்தளத்தில் அதிகாரத்தில் இருப்பவரின் சொல்லையும் செயலையும் பிடிக்கும். தேதி, நேரம், சொன்ன சொல், அருகில் நின்றவர் பெயர், அன்றிரவே எழுதி வையுங்கள், உங்கள் சொந்தக் கொப்பியில்.

சில வருடம் கழித்து "பங்காளர்" பட்டம் வரலாம். இலாபத்தில் பங்கு உண்டா, கணக்குப் புத்தகத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்காமல் தலையாட்ட வேண்டாம். பங்குடமை விஷயத்தில் இங்கே ஆங்கிலச் சட்டம்தான் செல்லும். கடிதத் தலைப்பில் பெயரைப் போட உடன்பட்டால், சம்பளத்துக்கு இருப்பவர்கூட அதை நம்பிக் கடன் கொடுத்தவருக்குப் பொறுப்பாளியாகலாம்.

விலகும் நாள் வந்தால், நீங்கள் வரைந்த ஒப்பந்தங்களைப் பென் டிரைவில் ஏற்றாதீர்கள். அவை உங்கள் உழைப்பு, ஆனால் இரகசியம் கட்சிக்காரருடையது. எடுத்துப்போக ஒரு தாள் போதும்: எந்த வகை வேலை, எத்தனை தடவை, அதில் உங்கள் கை எது. யாருடைய பெயரும் இல்லாமல். முதல் மாதத்திலிருந்தே அதை எழுதத் தொடங்குங்கள், ஏழாம் வருடம் உட்கார்ந்து யோசித்தால் பாதி நினைவுக்கு வராது.