உங்கள் வார்டுக்கு ஒரு வெள்ள வரைபடம்: அளவு டேப்பும் கியூஜிஐஎஸ்ஸும் போதும்

எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும், நிவாரண மையத்துக்கு எந்த வழியாக நடந்து போகலாம் என்ற இரண்டு கேள்விக்கும் கையில் பதில் இருந்தால் வடகிழக்குப் பருவமழையைப் பதறாமல் எதிர்கொள்ளலாம். உதாரணத்துக்கு வேளச்சேரியை எடுத்துக்கொள்வோம். கணினியில் வரைபடம் தயாரிக்கும் மென்பொருளான கியூஜிஐஎஸ் இலவசம். நிறுவும்போது நீண்டகால ஆதரவுப் பதிப்பையே எடுங்கள்.

முதலில் ஓர் எச்சரிக்கை. செயற்கைக்கோள் உயரத் தரவை இறக்கி, தாழ்வான இடங்களுக்கு நீலம் பூசிவிட்டு அதையே வெள்ள வரைபடம் என்று பகிராதீர்கள். இலவசமாகக் கிடைப்பதில் நல்லதான கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் தரவிலேயே 4 மீட்டர் வரை பிழை இருக்கலாம் என்று வெளியிட்டவர்களே சொல்கிறார்கள். கட்டட மாடியும் மர உச்சியும்கூட அதில் தரையோடு சேர்ந்துவிடும். வேளச்சேரியில் அரை மீட்டர் வித்தியாசத்தில் ஒரு தெரு மூழ்கும், அடுத்த தெரு தப்பிக்கும்.

1. சுவரில் உள்ள தடத்தை அளப்பது

2015, 2023 டிசம்பர் வெள்ளங்களின் கறை பல காம்பவுண்ட் சுவர்களில் இன்னும் தெரியும். தெருவுக்கு மூன்று இடம் பாருங்கள்: இரண்டு முனை, ஒரு நடு. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு அளவு எடுக்க வேண்டும். கறையிலிருந்து இன்றைய சாலை மட்டம் வரை ஒன்று, வீட்டுத் தரை மட்டம் வரை இன்னொன்று.

இரண்டு அளவு எதற்கு? பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டுப் பல சாலைகள் உயர்ந்துவிட்டன. வீடுகள் பள்ளத்தில் இருக்கின்றன. சாலையில் 30 செ.மீ. நிற்கும்போது அதே இடத்தில் வீட்டுக்குள் 70 செ.மீ. நிற்கலாம். நடப்பதற்கு முதல் அளவு வேண்டும், முதியவர்களை எப்போது வெளியேற்றுவது என்று முடிவு செய்ய இரண்டாவது வேண்டும். "அன்னிக்கு இடுப்பளவு வந்துச்சு" என்பது அன்றைய சாலையின் கணக்கு. அதை எண்ணாக மாற்றி எழுதாதீர்கள்; கறையை மட்டும் அளங்கள்.

2. அட்டவணை

தெரு, அட்சரேகை, தீர்க்கரேகை, சாலை அளவு, வீட்டு அளவு, வெள்ளம் வந்த ஆண்டு என ஆறு பத்தி. இடக்குறிப்பில் தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் இருக்கட்டும். அது ஏறத்தாழ 1 மீட்டர் துல்லியம். மூன்றோடு நிறுத்தினால் 100 மீட்டர் தள்ளிப்போகும். எக்ஸெல்லில் சேமிக்கும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்பதையே தேர்ந்தெடுங்கள். சாதா சிஎஸ்வியில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும்.

3. பலரும் மாட்டிக்கொள்ளும் இடம்

லேயர் மெனுவில் 'ஆட் டிலிமிட்டட் டெக்ஸ்ட் லேயர்' வழியாக ஃபைலைத் திறங்கள். 'எக்ஸ்' என்ற இடத்தில் தீர்க்கரேகை (80.22), 'ஒய்' என்ற இடத்தில் அட்சரேகை (12.98). கூகுள் மேப்ஸ் அட்சரேகையை முதலில் தருவதால் கை தானாக மாற்றிப் போட்டுவிடும். புள்ளிகள் திரையில் காணவில்லையா? உலக வரைபடம் தெரியும்வரை பின்னால் வாருங்கள். ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் அவை கிடந்தால் இதுதான் காரணம்.

அடுத்து, லேயரை டிகிரியிலிருந்து மீட்டருக்கு மாற்ற வேண்டும். 'ரீபுரொஜெக்ட் லேயர்' திறந்து ஈபிஎஸ்ஜி 32644 கொடுங்கள் (சென்னைப் பகுதிக்கான மீட்டர் அளவு முறையின் எண் இது). மாற்றாமல் 500 மீட்டர் வட்டம் போட்டால் கியூஜிஐஎஸ் அதை 500 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும். சேமிப்பது ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வகையாக இருக்கட்டும். ஷேப்ஃபைல் என்ற பழைய வகை நீளமான தமிழ்ப் பத்திப் பெயர்களை வெட்டிவிடும்.

பின்சேர்க்கை: எந்த எண் கொடுப்பது என்று கோவை, ஈரோடு, திருநெல்வேலியில் இருந்து கேட்டவர்களுக்கு: 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே இருப்பதால் உங்களுக்கு 32643. இலங்கை முழுவதும் 32644தான்.

4. நடக்கக்கூடிய வழி

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து தரவு இறக்கும் குயிக்ஓஎஸ்எம் பிளக்இன் மூலம் 'ஹைவே' என்ற கீயில் தெருக்களை இறக்கி, அதையும் 32644க்கு மாற்றுங்கள். நகல் எடுத்து, 50 செ.மீ.க்கு மேல் நின்ற தெருக்களையும் எல்லாச் சுரங்கப்பாதைகளையும் நகலிலிருந்து நீக்குங்கள். ஒரே கோடாக நீளும் தெருவில் பாதிதான் மூழ்கும் என்றால் 'ஸ்ப்ளிட் ஃபீச்சர்ஸ்' கொண்டு சந்திப்பில் வெட்டிவிட்டு, மூழ்கும் துண்டை மட்டும் நீக்குங்கள். ஓடும் தண்ணீர் இருக்கும் தெருவுக்கு 50 என்ற எல்லை அதிகம், 30 செ.மீ. ஓட்டமே சிறிய காரை நகர்த்திவிடும்.

பிறகு பிராசசிங் டூல்பாக்ஸில் 'சர்வீஸ் ஏரியா': நிவாரண மையத்திலிருந்து மீதமுள்ள தெருக்கள் வழியாக எவ்வளவு தூரம் எட்டலாம் என்று அது காட்டும். தூரம் 1000 மீட்டர். வட்டம் போடுவதைவிட இதுவே சரி. வட்டம் கால்வாயையும் ரயில் பாதையையும் தாண்டிவிடும், மனிதர்கள் தாண்ட முடியாது. நிவாரண மையமாக இருக்கும் பள்ளியின் புள்ளியை வளாகத்தின் நடுவில் வைக்காமல் வாசல் கேட்டில் வையுங்கள். நடுவில் வைத்தால் பின்சுவரை ஒட்டிய சந்து வழியாகக் கணக்கு எடுத்துக்கொள்ளும்.

5. அச்சு

மின்சாரமும் சிக்னலும் போய்விட்டால் காகிதம்தான். 1:5000 அளவில் ஏ4 தாளின் நீளப்பக்கம் ஒன்றரை கிலோமீட்டரை அடக்கும். ஏ3 இன்னும் வசதி. ஜெராக்ஸில் நிறம் போய்விடும் என்பதால் ஒவ்வொரு புள்ளிக்கும் அருகில் செ.மீ. எண்ணையே எழுதுங்கள். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ். பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்தைக் கோட்டுருவாக மாற்றும் தேர்வு இருக்கட்டும், இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி வரலாம். தாளின் மூலையில் அளந்த மாதமும், 1070, 1077 என்ற கட்டுப்பாட்டு அறை எண்களும். சாலை புதிதாகப் போடப்பட்ட தெருவை மட்டும் அடுத்த செப்டம்பரில் மறுபடி அளந்தால் போதும்.